வக்கீலம்மா பதில்கள்: போர்டுல தாத்தா பேரு, வக்காலத்துல யாரு பேரு?

போன மாசம் பரம்பரை வக்கீல் ஆபீஸ் பத்தி இந்தப் பக்கத்துல ஒரு கேள்வி வந்துது, அதுல இருந்து வர்ற கடுதாசி, மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அதே சங்கதிதான். ஜூனியருங்க, ஆபீஸ்காரங்க வீட்டுப் பசங்க, கட்சிக்காரங்க, ஒரு குமாஸ்தாவோட பொண்ணு வரைக்கும் எழுதியிருக்காங்க. அதனால செக் பவுன்ஸ், ஜீவனாம்சம் கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. நானே லிங்கி செட்டித் தெருவுல ஒரு பழைய ஆபீஸுக்குள்ள மருமகளா நுழைஞ்சு வக்கீலா நிக்கற ஆளு, வீட்டு ஆளு படற பாடும் தெரியும், வெளியாளு படற பாடும் தெரியும்.

கேள்வி: அக்கா, நான் காசிமேடு. அப்பா போட்ல போறவரு, எங்க வீட்ல மொத பட்டதாரி நான்தான். தம்பு செட்டித் தெருவுல மூணு தலைமுறையா நடக்கற ஆபீஸ்ல ரெண்டு வருஷமா ஜூனியரா இருக்கேன். காஸ் லிஸ்ட் (அன்னன்னிக்கு வர்ற கேஸ் பட்டியல்) பார்த்து டைரி போடறது, பாஸ் ஓவர் (கேஸைக் கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்க சொல்றது) கேக்கறது, வாய்தா வாங்கறது, கோர்ட் ஆபீஸ் செக்ஷன்ல நின்னு குறை சொல்லி ரிட்டர்ன் ஆன பேப்பரை சரி பண்ணி திரும்ப போடறது எல்லாம் நான்தான். போன வருஷம் பெரிய சாரோட பையன் லண்டன்ல படிச்சுட்டு வந்தாரு, வந்த வாரமே அவரு பேரு வக்காலத்துல ஏறிடுச்சு. என் பேரு இன்னும் இல்ல. மாசம் எட்டாயிரம் குடுக்கறாங்க, அதுவும் கேட்டாதான். விட்டுட்டு வந்துடலாமா?
(பெயர் வேண்டாம், காசிமேடு)

பதில்: விடறதா வேணாமான்னு அப்புறம் பேசுவோம்மா, மொதல்ல அந்த எட்டாயிரம். 2024 ஜூன்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் பெஞ்ச் ஒண்ணு, ஜூனியர் வக்கீலுங்களுக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல கொறைஞ்சது மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு சர்க்குலர் அனுப்ப சொல்லி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டுது. அதே வருஷம் அக்டோபர்ல அகில இந்திய பார் கவுன்சிலும் டவுனுக்கு 20,000, கிராமத்துப் பக்கம் 15,000ன்னு ஒரு சர்க்குலர் விட்டுது, ஆனா அது பரிந்துரைதான், குடுக்காத சீனியரை யாரும் வந்து புடிச்சுட்டுப் போகப் போறதில்ல. அதுக்காக ஆர்டர் காப்பியை பிரிண்ட் எடுத்து சார் டேபிள்ல வைன்னு நான் சொல்லல. சம்பளப் பேச்சு வரும்போது கூச்சப்பட்டுக்கிட்டு பன்னெண்டுல ஆரம்பிக்காத, இருபதுல ஆரம்பி, அது உன் ஆசைக்கு நீ சொல்ற நம்பர் கிடையாது, கோர்ட் சொன்ன நம்பர். 'கேட்டாதான் குடுக்கறாங்க'ன்னு எழுதியிருக்க பாரு, எனக்கு எட்டாயிரத்தை விட அதுதான் உறுத்துது. ஒரு தேதி பேசு, பேங்க்ல போட சொல்லு. டிராயரை இழுத்து எண்ணிக் குடுக்கற பழக்கம் பழைய ஆபீஸுங்கள்ல இன்னும் இருக்கு, வாங்கறவளுக்கு ஒரு ரெக்கார்டும் நிக்காது, நாளைக்கு ஒரு டூ வீலர் லோன் கேட்டாகூட காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது.

இப்ப வக்காலத்து. வெளிய தொங்கற போர்டுல யார் பேரு இருந்தா நமக்கு என்ன, அது தாத்தா பேராவே இன்னும் நூறு வருஷம் தொங்கட்டும். 'எனக்காக இவங்க வாதாடலாம்'னு கட்சிக்காரர் கையெழுத்து போட்டுக் குடுக்கற வக்காலத்துல உன் பேரும் எண்ரோல்மென்ட் நம்பரும் (பார் கவுன்சில் பதிவு நம்பர்) இருந்தாதான் அந்த கேஸ்ல நீ வக்கீல், இல்லேன்னா சாருக்கு பதிலா எழுந்து நின்ன ஆளு, அவ்ளோதான். ஈ-கோர்ட்ஸ் சைட்ல வக்கீல் பேரை போட்டு கேஸ் தேடற வசதி இருக்கு இல்ல, ஒரு நாள் ராத்திரி உக்காந்து உன் பேரை போட்டுப் பாரு. நீ டிராஃப்ட் பண்ணது, நீ நம்பர் ஆக்கினது, நீ வாய்தாவுக்கு நின்னது எதுவும் வராது. அந்த லண்டன் தம்பி பேருல வரிசையா வரும். இதைப் பார்த்து அழணும்னு சொல்லல, எதைக் கேக்கணும்னு தெளிவா தெரியணும்னு சொல்றேன்.

அந்தத் தம்பியோட உன்னை ஒப்பிட்டுக்காத. அவரு பேரு ஏறினது திறமைக்காகன்னு அந்த ஆபீஸ்ல யாரும் நெனைக்கல, சாரும் நெனைக்கல, குமாஸ்தா நிச்சயமா நெனைக்கல. ரத்த சொந்தம், ஏறும், எங்க ஆபீஸ்லயும் ஏறிச்சு. நீ கேக்க வேண்டியது வேற. 'சார், என் பேரையும் போடுங்க'ன்னு மொட்டையா கேட்டா 'பார்க்கலாம்மா'ன்னு பதில் வரும், அந்த 'பார்க்கலாம்மா'க்கு வாய்தா தேதியே கிடையாது. அதனால ஒரு கேஸை கையில வெச்சுக்கிட்டு கேளு. சிட்டி சிவில் கோர்ட்ல நீ அடியிலேருந்து டிராஃப்ட் பண்ண ஒரு சூட் (சிவில் வழக்கு), நாளைக்கு ஃபைல் ஆகப் போவுது, வக்காலத்து ஃபார்ம் இன்னும் காலியா இருக்கு, அப்ப போய் 'சார், இதுல உங்க பேருக்குக் கீழ என் பேரு சேர்த்துக்கட்டா, சாட்சி விசாரணையும் நானே பார்த்துக்கறேன்'னு கேளு. இல்லைன்னு சொல்ல அவருக்குக் கஷ்டமா இருக்கும். அப்பவும் இல்லைன்னா, அந்த ஆபீஸைப் பத்தி உனக்கு ஒரு பதில் கெடச்சாச்சு.

ஆனா இந்த மாதிரி இடத்துல கத்துக்க வேண்டியதை கத்துக்காம கோவத்துல வெளிய வந்துடாத. பெரிய சார்கிட்ட மட்டும் கத்துக்கலாம்னு இருந்தா அவரு பேசி முடிக்கறதுக்குள்ள உனக்கு அம்பது வயசாயிடும். குமாஸ்தா அண்ணன்கிட்ட போ. மதியானம் ரெண்டு மணிக்கு மேல கோர்ட் கூட்டம் அடங்கினதும் பரண் மேல இருக்கற பழைய சொத்து பண்டில் (கேஸ் கட்டு) ஒண்ணை இறக்கித் தர சொல்லு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுப் பத்திரம் எதுவா இருந்தாலும் சரி. வெள்ளை நாடாவை அவுக்கும்போதே தூசி மூக்குல ஏறும். பழைய குமாஸ்தா யாரும் முதல் பக்கத்துல ஆரம்பிக்க மாட்டாங்க, நேரா கடைசிக்குப் போயி சொத்து விவரத்தைத்தான் படிப்பாங்க. ஓ.எஸ். நம்பர் (பழைய சர்வே), ஆர்.எஸ். நம்பர் (மறு சர்வே), கலெக்டர் சர்டிபிகேட் நம்பர், நாலு பக்க எல்லை, வடசென்னை பதிவு மாவட்டம், ராயபுரம் சப் ரிஜிஸ்ட்ரார். அதை 1950-ல எழுதின மூலப்பத்திரத்தோட வெச்சு, 1980 பாகப்பிரிவினையோட வெச்சு, இப்ப வந்திருக்கற செட்டில்மென்ட்டோட வெச்சு விரலால ஓட்டிக்கிட்டே வருவாங்க, எங்கயோ ஒரு இடத்துல கிழக்கே போற சந்து மேற்கே மாறியிருக்கும், இல்லேன்னா நாலு அடி காணாம போயிருக்கும், கேஸே அங்கதான் இருக்கும். அஞ்சு வருஷ லா காலேஜ்ல எனக்கு இதை யாரும் சொல்லித் தரல, சொல்லித் தரவும் முடியாது, அந்த மாதிரி காகிதம் அடுக்கடுக்கா கெடக்கற இடம் இந்த பழைய ஆபீஸுங்கதான். புதுசா அண்ணா நகர்ல ஏசி போட்டு ஆபீஸ் திறந்தவரு எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் அவரு பரண் காலி.

இன்னொண்ணு, உன்கிட்ட இருக்கற ஒரு சொத்து அந்த லண்டன் தம்பிகிட்ட கிடையாது. காசிமேட்டுல போட் இன்சூரன்ஸ் தகராறு, எண்ணூர் ரோட்டுல லாரி இடிச்ச ஆக்சிடென்ட் கேஸு, ஐஸ் கம்பெனி பாக்கி, குடும்ப கோர்ட் கேஸு எல்லாம் உன்னைத் தேடித்தானே வரும், 'நம்ம பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கு'ன்னு. விளம்பரம் பண்ணி, ஆள் வெச்சு கேஸ் புடிக்கக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் 36 சொல்லுது, தெரிஞ்சவங்க தானா வர்றதை எந்த ரூலும் தடுக்கல. அப்படி வந்தா மறைச்சு நடத்தாத. சார்கிட்ட மொதல்லயே 'இது எனக்கு வந்த கேஸ், வக்காலத்து என் பேருல போடறேன், ஆபீஸ் வசதியை யூஸ் பண்ணிக்கறேன், ஃபீஸ்ல ஆபீஸுக்கு எவ்ளோ'ன்னு பேசிடு. பேசாம விட்டு அப்புறம் வெடிச்ச சண்டை அந்தத் தெருவுல நெறைய பார்த்திருக்கேன்.

சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுதற எண்ணம் இருக்கான்னு நீ எழுதல. இருந்தா ஒண்ணு கணக்குல வெச்சுக்கோ. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் கீழ்க்கோர்ட் நீதிபதி வேலைக்கு மூணு வருஷ பிராக்டிஸ் திரும்ப கட்டாயம் ஆயிடுச்சு, அதுக்கு பத்து வருஷம் அனுபவம் உள்ள வக்கீல் குடுக்கற சர்டிபிகேட்டை முதன்மை நீதிபதி பார்த்து ஒப்புக்கணும். வேற சீனியரும் குடுக்கலாம்தான், ஆனா ரெண்டு வருஷமா உன்னை தினம் பார்த்த மனுஷன் இருக்கும்போது அவருகிட்ட மூஞ்சி முறிச்சுக்கிட்டு ஏன் வரணும்.

என் யோசனை, மூணாவது வருஷம் முடியற வரைக்கும் இரு. அதுக்குள்ள பத்து வக்காலத்துலயாவது உன் பேரு ஏறணும், சம்பளத்துக்கு ஒரு தேதி வரணும். ரெண்டுல ஒண்ணுகூட நடக்கலைன்னா மரியாதையா சொல்லிட்டு வெளிய வா, வாசல்ல நின்னு சண்டை வேணாம், அந்தத் தெருவுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கேள்வி: வணக்கம் மேடம். எங்க கொள்ளுத்தாத்தா ஆரம்பிச்ச ஆபீஸ் மண்ணடி பக்கம் இருக்கு, இப்ப அப்பாவும் பெரியப்பாவும் நடத்தறாங்க. நான் எண்ரோல் பண்ணி ஒரு வருஷம். ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில லீகல் டிபார்ட்மென்ட்ல நல்ல சம்பளத்துல வேலை வந்திருக்கு. அப்பா என்கிட்ட பேசறதே இல்ல. ஆபீஸுக்கு வர்ற கட்சிக்காரங்க என்னைப் பார்த்து 'பெரியவர் இல்லையா தம்பி'ன்னு கேட்டுட்டு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நான் இருந்து என்ன ஆகப் போவுது?
(ஒரு கொள்ளுப்பேரன், ராயபுரம்)

பதில்: தம்பி, முழுநேர சம்பள வேலைக்குப் போனா பிராக்டிஸ் பண்ண முடியாது, பார் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்து சன்னதை (வக்கீல் தொழில் பண்ற உரிமத்தை) நிறுத்தி வைக்கணும், பார் கவுன்சில் ரூல் 49. அந்த வருஷங்கள் பிராக்டிஸ் கணக்குலயும் வராது. இது தெரியாம வேலையும் பார்த்துக்கிட்டு சனிக்கிழமை வக்காலத்தும் போடற பசங்க இருக்காங்க, மாட்டினா ரெண்டும் போயிடும்.

பெரியவர் இல்லையான்னு கேக்கறது பத்தி ரொம்ப மனசு விடாத, உங்கப்பாவையும் அவங்க இருபது வருஷம் அப்படித்தான் கேட்டிருப்பாங்க. எனக்கு கவலை வேற இடத்துல. உங்க ஆபீஸ் மாதிரி ஜார்ஜ் டவுன் ஆபீஸுங்க எதுல சோறு தின்னுதுன்னு பழைய டைரியைப் பார்த்திருக்கியா? பாதி பக்கம் ஆர்.சி.ஓ.பி., வாடகை வீட்டு கேஸ். வில்ஃபுல் டிஃபால்ட் (வேணும்னே வாடகை கட்டாதது), ஓன் யூஸ் (ஓனருக்கே இடம் வேணும்ங்கறது), ஃபேர் ரென்ட் (நியாய வாடகை)னு ஸ்மால் காஸஸ் கோர்ட்ல ஒரு கேஸ் பதினைஞ்சு வருஷம் ஓடும், அப்பா ஆரம்பிச்சு மகன் முடிப்பாரு. 1960-ம் வருஷ சட்டம் அது. அதை எடுத்துட்டு 2017-ம் வருஷ புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துது, எழுத்துல அக்ரிமென்ட் இருக்கா, பதிவு பண்ணியாச்சான்னு கேஸோட போக்கே மாறிடுச்சு. மீதி பாதி ப்ரோபேட், அதாவது உயில் செல்லும்னு கோர்ட்ல சான்று வாங்கற கேஸ். பட்டணத்துக்குள்ள சொத்து இருக்கற இந்து ஒருத்தர் உயில் எழுதி வெச்சுட்டு செத்தா, 1925-ம் வருஷ வாரிசுரிமைச் சட்டம் செக்ஷன் 213 படி கோர்ட்டுக்கு வந்தே ஆகணும்னு இருந்துது, அதே உயிலை காஞ்சிபுரத்துலயே உக்காந்து காஞ்சிபுரத்து சொத்துக்கு எழுதியிருந்தா வர வேணாம். பழைய மெட்ராஸ் எல்லைக்குள்ள வீடு வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் இந்த தலைவிதி, வக்கீல் ஆபீஸுக்கு அதுவே பென்ஷனா இருந்துது. 2025 டிசம்பர்ல பார்லிமென்ட் அந்த செக்ஷனையே எடுத்துடுச்சு. நியாயமான காரியம்தான், நானே வரவேற்கறேன், ஆனா மூணு தலைமுறை வருமானத்துல ஒரு தூண் ஒரே திருத்தத்துல போச்சு.

அதனால அப்பா கோவத்துக்குப் பின்னாடி பயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. அவரு உன்னை உக்கார வைக்க நெனைக்கற நாற்காலிக்குக் கீழ தரை நகர்ந்துக்கிட்டிருக்கு, அது அவருக்குத் தெரியும், ஒத்துக்க மனசு வரல. நீ கம்பெனி சட்டம்தான் வேணும்னா ஓ.எம்.ஆர். வரைக்கும் எதுக்கு, என்.சி.எல்.டி. (கம்பெனி கேஸ் பார்க்கற தீர்ப்பாயம்) உங்க ஆபீஸ்லேருந்து நடக்கற தூரத்துல ராஜாஜி சாலையில இருக்கு. 2016-ல திவால் சட்டம் வந்ததுல இருந்து அங்க கேஸுக்குப் பஞ்சம் இல்ல, உங்கப்பாவோட பழைய கட்சிக்காரங்க, அந்த இரும்பு வியாபாரி, பேப்பர் வியாபாரி, ஷிப்பிங் ஏஜென்ட் எல்லாருக்கும் எங்கயோ ஒரு கம்பெனி பணம் குடுக்காம இருக்கும். அவங்களுக்கு அந்த கோர்ட்டுக்கு யார்கிட்ட போறதுன்னு தெரியாம மவுண்ட் ரோடு போறாங்க. ஆபீஸை விட்டுட்டு போறது, அப்படியே அப்பா மாதிரி உக்கார்றது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இது ஒண்ணு இருக்கு. அப்பாகிட்ட இதை சொல்லிப் பாரு. 'ஒரு வருஷம் என்.சி.எல்.டி. வேலையை நான் தனியா பார்க்கறேன், வர்ற ஃபீஸுக்கு தனி கணக்கு'ன்னு கேளு. தனி கணக்குன்னதும் பெரியப்பா மூஞ்சி மாறினா, நீ ஓ.எம்.ஆர். போறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

கேள்வி: அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தின வக்கீல் ஆபீஸ். அப்பா தவறிட்டாரு. பார்ட்னர்ஷிப் டீட் எதுவும் எழுதல. சித்தப்பா 'எல்லாம் ஒண்ணுதானே'ங்கறாரு. அம்மாவுக்கு மாசா மாசம் பங்கு வருமா?
(திருவொற்றியூர்)

பதில்: ஊருக்கெல்லாம் டீட் எழுதிக் குடுத்த ஆபீஸ்ல அவங்களுக்கு ஒரு டீட் இல்ல, நான் பார்த்த பாதி ஆபீஸ் இப்படித்தான். 1932-ம் வருஷ பார்ட்னர்ஷிப் சட்டப்படி, வேற மாதிரி எழுதி வைக்கலைன்னா ஒரு பார்ட்னர் செத்ததும் ஃபர்ம் கலைஞ்சுடும், லாபத்துல பங்கும் சரி சமம்தான். அப்பா உயிரோட இருந்த தேதி வரைக்கும் முடிச்ச வேலைக்கு வரவேண்டிய ஃபீஸ், புஸ்தகம், டெபாசிட், ஆபீஸ் அட்வான்ஸ் எல்லாத்துலயும் அவரு பங்கு வாரிசுக்கு சேரணும். ஆனா அதுக்கு அப்புறம் வர்ற ஃபீஸ்ல அம்மாவுக்கு மாசா மாசம் பங்குன்னு எழுத முடியாது, வக்கீல் தன் ஃபீஸை வக்கீல் இல்லாத ஆளுங்களோட பங்கு போட்டுக்கக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு. அதனால அப்பா தவறின தேதிக்கு ஒரு கணக்கு எடுக்க சொல்லுங்க, ஒரு ஆடிட்டரை வெச்சு, இப்பவே. வருஷ திதி வரைக்கும் மரியாதைக்குப் பொறுத்தோம்னா கணக்கு புக்கு கிடைக்காது.

கேள்வி: ஐம்பது வருஷமா எங்க குடும்பத்துக்கு ஒரே வக்கீல் ஆபீஸ்தான். பெரிய வக்கீல் காலமாயிட்டாரு, இப்ப இருக்கற பையன் போனே எடுக்கறதில்ல. கேஸை வேற இடத்துக்கு மாத்தணும்னா பழைய பாக்கின்னு ஒரு தொகை கட்டினாதான் பத்திரம் எல்லாம் தருவேங்கறாங்க. மூலப்பத்திரமே அங்கதான் இருக்கு.
(ஒரு பெரியவர், கொருக்குப்பேட்டை)

பதில்: ஐயா, ஃபீஸ் பாக்கின்னு சொல்லி கட்சிக்காரர் காகிதத்தைப் புடிச்சு வெச்சுக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. ஆர்.டி. சக்சேனா கேஸ்ல 2000-ல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவா சொல்லியிருக்கு, பாக்கி நிஜமாவே இருந்தா அவங்க அதுக்கு தனியா கேஸ் போட்டு வாங்கிக்கலாம், பண்டிலைப் பணயமா வைக்க முடியாது. மொதல்ல என்னென்ன காகிதம் குடுத்தீங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல அக்நாலெட்ஜ்மென்ட்டோட ஒரு லெட்டர் அனுப்புங்க, மரியாதையாவே எழுதுங்க. வேற வக்கீல் வக்காலத்து போடணும்னா பழையவரோட நோ அப்ஜெக்ஷன் கையெழுத்து வேணும், குடுக்க மறுத்தா கோர்ட் பர்மிஷன் வாங்கி மாத்திக்கலாம், கேஸ் அதனால நிக்காது. பார் கவுன்சில் புகார் கடைசி அஸ்திரம். பல தடவை அந்த ஆபீஸ் பழைய குமாஸ்தாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினாலே பண்டில் சாயங்காலத்துக்குள்ள வந்துடும், பையனுக்கு அது எந்த பீரோவுல இருக்குன்னே தெரிஞ்சிருக்காது. இனிமே மூலப்பத்திரத்தோட ஒரிஜினலை எந்த வக்கீல்கிட்டயும் வருஷக்கணக்குல விட்டு வைக்காதீங்க, என்கிட்டயும்தான்.

கேள்வி: வக்கீல் ஆபீஸ் எல்லாம் ஏன் இந்த ஜார்ஜ் டவுன் சந்துலயே அடைஞ்சு கெடக்கு? ஈ-ஃபைலிங் வந்தாச்சு, வீடியோ கான்ஃபரன்ஸ் வந்தாச்சு.
(பெரம்பூர்)

பதில்: கோர்ட் எங்கயோ அங்கதானே வக்கீல். 1862-ல ஹைகோர்ட் ஆரம்பிச்சப்போ பீச் ரோட்டுல, இப்ப கலெக்டர் ஆபீஸ் சிங்காரவேலர் மாளிகை இருக்கே, அந்த இடத்துல இருந்த பழைய கட்டடத்துலதான் நடந்துது. 1892-ல இப்ப இருக்கற செவப்புக் கட்டடத்துக்கு வந்துது, ரெண்டு வருஷம் கழிச்சு அது தலையில லைட் ஹவுஸும் வெச்சாங்க, 1977-ல மெரினாவுக்குப் போற வரைக்கும் கப்பலுக்கு வழி காட்டினது நம்ம ஹைகோர்ட்தான். வியாபாரியும் இதே தெருவுங்கள்லதான் இருந்தாங்க, கேஸும் அவங்களோடதுதான். 1906-ல அர்பத்நாட் பேங்க் திவால் ஆகி ஊரே அழுதப்போ வி. கிருஷ்ணசாமி ஐயர்ங்கற வக்கீல் முன்ன நின்னு 1907-ல இந்தியன் பேங்க்கை ஆரம்பிச்சு விட்டாரு, வக்கீலும் வியாபாரியும் அவ்ளோ நெருக்கம்.

எனக்கு வருத்தம் வேற ஒண்ணுல. லா காலேஜ் 2018-ல புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் போயிடுச்சு. முன்ன வடசென்னைப் பையன் ஒருத்தன் காலேஜ் விட்டதும் ரோட்டைத் தாண்டினா ஏதாவது ஒரு சீனியர் ஆபீஸ் வாசல், உள்ள போய் நின்னா 'நாளைலேர்ந்து வா'ன்னு சொல்லிடுவாங்க, சொந்தக்காரர் சிபாரிசு இல்லாத பசங்க பரம்பரை ஆபீஸுக்குள்ள நுழைஞ்சது அந்த வழியாத்தான். இப்ப அந்த வாசல் அம்பது கிலோமீட்டர் பஸ்ல இருக்கு.

கேள்வி: அக்கா, எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல பாரிமுனையில ஒரே வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா. நான் இந்த வருஷம் பி.எல். முடிச்சேன், இன்னும் எண்ரோல் ஆகல. அப்பாவோட சார் 'நம்ம ஆபீஸ்லயே வந்து சேரும்மா'ன்னு சொல்றாரு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு.
(தண்டையார்பேட்டை)

பதில்: அந்த 'என்னமோ மாதிரி'யை நம்பு. அந்த சார் நல்ல மனுஷனாவே இருப்பாரு, மனசார கூப்பிட்டிருப்பாரு. ஆனா நீ அங்க சேர்ந்த மொத நாள் நடக்கறதை யோசிச்சுப் பாரு. சார் ரூமுக்குள்ள உனக்கு நாற்காலி போடுவாங்க, உங்கப்பா பண்டிலை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல நிப்பாரு. கோர்ட்டுக்குப் போகும்போது உன் பண்டிலை அவரு தூக்குவாரு, நீ வேணாம்பா ன்னு சொன்னாலும் பழக்க தோஷத்துல கை தானா போகும். கட்சிக்காரருக்கு நீ வக்கீல் மேடமா ஆகறதுக்கு முன்னாடி நம்ம குமாஸ்தா பொண்ணு ஆயிடுவ. சம்பளமும் நீ பேச முடியாது, அப்பா மூஞ்சியைப் பார்த்து வாயை மூடிக்குவ. இதெல்லாம் தாண்டி ஜெயிச்சவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. மொத ரெண்டு மூணு வருஷம் வேற ஆபீஸ்ல இருந்துட்டு, நாலு வக்காலத்துல உன் பேரு வந்த பிறகு அந்த சார்கிட்ட திரும்பப் போனா அவரு உனக்குப் பேசற பேச்சே வேறயா இருக்கும். அவருகிட்ட இதை நீ சொல்லாத, அப்பாவை விட்டு சொல்ல வை, 'வெளிய கொஞ்சம் அடிபட்டு வரட்டும் சார்'னு அவரு சொன்னா சார் சிரிச்சுட்டு விட்டுடுவாரு.

உன் பலம் என்னன்னு உனக்கே தெரியலைன்னு நெனைக்கறேன். எந்த செக்ஷன்ல எந்த பேப்பர் எதுக்கு ரிட்டர்ன் ஆகும், காப்பி அப்ளிகேஷன் எங்க மாட்டி நிக்கும், எஸ்.ஆர். நம்பர்லேருந்து (ஃபைல் பண்ணதும் குடுக்கற தற்காலிக நம்பர்) கேஸ் நம்பர் ஆகறதுக்குள்ள எத்தனை மேசை தாண்டணும், இதெல்லாம் உங்க வீட்ல ராத்திரி சோத்தோட பேசினது. மூணாவது தலைமுறை வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குக்கூட இது தெரியாது, அவங்க வீட்ல ஆர்க்யூமென்ட்தான் பேசுவாங்க, ஃபைலிங் பேச மாட்டாங்க.

எண்ரோல்மென்ட்டுக்கு யாராவது பத்தாயிரம் ஆகும், இருபதாயிரம் ஆகும்னு சொன்னா குடுத்துடாத. 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சட்டத்துல இருக்கற 750 ரூபாய்க்கு மேல எண்ரோல்மென்ட் ஃபீஸ் வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125, ஸ்டாம்ப் செலவு தனி. அகில இந்திய பார் பரீட்சையையும் தள்ளிப் போடாத, எண்ரோல் ஆன ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சாகணும். அப்படியே அப்பா குமாஸ்தா நல நிதியில மெம்பரா இருக்காரான்னு கேட்டுப் பாரு, முப்பது வருஷம் ஊருக்கே ஃபாரம் ரொப்பினவங்க தனக்கு ஒண்ணு ரொப்பாம விட்டுடுவாங்க. இல்லைன்னா இந்த வாரமே போட வை, ஃபாரம் நீ ரொப்பு.